தப்பான கெமிக்கல்ல கழுவின திருநெல்வேலி

இந்த எபிசோட்ல ஒரு நிறத்தோட வரலாற்றைப் பேசப் போறோம்.

திருநெல்வேலின்னு போட்டு ஸ்ட்ரீட் போட்டோகிராஃபி தேடிப் பாருங்க. நெல்லையப்பர் கோயில் ரத வீதி, சுலோச்சன முதலியார் பாலம், ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம், குறுக்குத்துறை படித்துறை. இடம் வேற வேற. ஆனா பல படங்கள்ல ஒரே நிறம்தான் இருக்கும். வெளிறின வானத்துல மஞ்சள் கலந்த பச்சை, நிழல்ல நீலம், சிவப்புச் சேலை மட்டும் தீப்பிடிச்ச மாதிரி. நேர்ல நின்னு பார்த்தா நம்ம ஊர் இப்படி இல்ல. இருந்தாலும் படத்தைப் பார்த்ததும் 'பழைய ஃபிலிம் லுக்'னு மனசுல ஒரு பாசம் வருது. யாரோட பழசு அது? இன்னிக்குக் கேள்வி இதுதான்.

இந்த நிறத்துக்குப் பேர் கிராஸ் ப்ராசஸ். ஃபிலிம் காலத்துல கலர் ஃபிலிம் முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு நெகட்டிவ். கல்யாண ஆல்பத்துக்கு எடுக்கறது. கழுவினா நிறமெல்லாம் தலைகீழா, ஒரு ஆரஞ்சுச் சாயலோட இருக்கும்; அதுல இருந்துதான் பேப்பர்ல பிரிண்ட் போடுவாங்க. இன்னொண்ணு ஸ்லைடு. கழுவி எடுத்ததும் ஃபிலிம்லயே நேரான நிறம் தெரியும். பத்திரிகைக்கும் விளம்பரத்துக்கும் இதுதான் போகும். நெகட்டிவைக் கழுவ 1972ல கோடக் கொண்டு வந்த முறைக்குப் பேர் சி-41. ஸ்லைடுக்கான இ-6 அந்தப் பத்தாண்டோட பின்பாதியில வந்துச்சு.

சரி, ஸ்லைடு ஃபிலிமைக் கொண்டு போய் சி-41 கெமிக்கல்ல கழுவினா என்ன ஆகும்? கலர் ஃபிலிம்ல மூணு அடுக்கு இருக்கு. நீல வெளிச்சத்துக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, சிவப்புக்கு ஒண்ணு. சரியான கெமிக்கல்ல மூணும் ஒரே சீரா நடக்கும், அதனாலதான் சாம்பல் நிறச் சுவர் சாம்பலாவே தெரியுது. தப்பான கெமிக்கல்ல ஒவ்வொண்ணும் ஒரு வேகத்துல ஓடும். நிழல்ல ஒரு நிறம் முந்தும், வெளிச்சத்துல இன்னொரு நிறம் முந்தும். கான்ட்ராஸ்ட் எகிறும். போதாக்குறைக்கு, லேப்ல பிரிண்ட் போடற மெஷின் ஆரஞ்சுச் சாயலை எதிர்பார்த்து நிக்கும். ஸ்லைடு ஃபிலிம்ல அது கிடையாது. அதனால நிறம் இன்னும் கோணலாகும். எந்த ஃபிலிம்ங்கறதைப் பொறுத்து ஒண்ணு பச்சைக்குப் போகும், இன்னொண்ணு சிவப்புக்குப் போகும். முழுசா யூகிக்க முடியாது. அந்தச் சூதாட்டம்தான் ஃபேஷன் போட்டோகிராஃபர்களுக்குப் பிடிச்சுப் போச்சு.

இப்ப நம்ம பக்கம் வருவோம். தமிழ்நாட்டுலயே ஃபிலிம் தயாரிச்ச கம்பெனி ஒண்ணு இருந்துச்சு. ஊட்டியில, 1960ல மத்திய அரசு தொடங்கின ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 'இந்து'ங்கற பேர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்துதான் வந்துச்சு. அந்தக் காலத்துல நம்ம வீட்டுச் சுவர்ல இருந்த கலர், ஸ்டூடியோக்காரர் கறுப்பு வெள்ளை பிரிண்ட் மேல பிரஷ்ஷால தீட்டின கலர். கன்னத்துல ரோஸ், புடவைக் கரையில பச்சை, சங்கிலியில மஞ்சள். அப்புறம் கலர் நெகட்டிவும் பிரிண்ட் போடற கலர் லேபும் வந்துச்சு. ஸ்லைடு ஃபிலிம் விலையும் அதிகம், வீட்டு ஆல்பத்துல அதுக்கு வேலையும் இல்ல. அதைத் தப்பா கழுவிப் பார்க்கற விளையாட்டு நம்ம பெரும்பாலான குடும்பங்களோட கதையிலேயே கிடையாது.

வீட்டுல பழைய ஆல்பம் இருந்தா எடுத்துப் பாருங்க. 1970, 80-கள்ல போட்ட கலர் பிரிண்ட் பலதும் செம்மை ஏறிக் கிடக்கும். காரணம், அந்தக் கால பிரிண்ட்டுகள்ல மூடி வெச்சிருந்தாலும் முதல்ல மங்கறது பெரும்பாலும் சயான், அதாவது நீலப்பச்சைச் சாயம். அது போனா மிச்சம் நிக்கறது சிவப்பு. ஆக, நம்ம வீட்டுப் பழசோட நிறம் சிவப்பு. ஃபில்டர் காட்டற பழசு பச்சை. ரெண்டும் ஒண்ணு இல்ல.

'இந்தியத் தெருவோட ஃபிலிம் நிறம்'னு உலகம் கொண்டாடினதும் இது இல்ல. ரகுபிர் சிங் கோடக்ரோம்ல எடுத்தார். தமிழ்நாட்டைப் பத்தியே தனியா ஒரு புத்தகம் போட்டிருக்கார். கோடக்ரோம் ஃபிலிம்ல சாயம் உண்டாக்கற பொருளே கிடையாது, கழுவும்போதுதான் அது உள்ள வரும். அதை சி-41ல போட்டா கலரே வராது. அதாவது, அந்தப் புகழ்பெற்ற நிறத்தை கிராஸ் ப்ராசஸ் பண்ணவே முடியாது.

அப்போ இந்தப் பச்சை எந்த வழியா நம்ம கைக்கு வந்துச்சு? 1984ல லெனின்கிராட்ல லோமோ எல்.சி.-ஏன்னு ஒரு சின்ன கேமரா தயாராக ஆரம்பிச்சுது. அது மேல ஆசைப்பட்ட வியன்னா இளைஞர்கள் 1992ல லோமோகிராஃபின்னு ஒரு சங்கம் தொடங்கினாங்க. கோணல் நிறம், இருண்ட மூலை, குறி பார்க்காம எடுத்த படம், இதெல்லாம் அவங்களுக்கு அழகு. கிராஸ் ப்ராசஸும் அந்த ரசனையில சேர்ந்துக்கிச்சு. ஃபோட்டோஷாப்போட கர்வ்ஸ்ல 'கிராஸ் ப்ராசஸ்'னே ஒரு ரெடிமேட் தேர்வு வந்துச்சு. 2010 அக்டோபர்ல இன்ஸ்டாகிராம் வந்தப்போ அதோட ஃபில்டர்கள்ல ஒண்ணு எக்ஸ்-ப்ரோ 2. 'எக்ஸ்-ப்ரோ'ன்னா கிராஸ் ப்ராசஸ்தான். முதல்ல ஐபோன்ல மட்டும் இருந்துச்சு, 2012 ஏப்ரல்ல ஆண்ட்ராய்டுக்கு வந்துச்சு. நம்ம ஊர்ல நிறைய பேர் கையில இருந்ததும் ஆண்ட்ராய்டுதானே? பேருக்கு அர்த்தம் தெரியாமலே விரல் அதைத் தொட்டுச்சு.

உள்ள நடக்கற வேலை ரொம்ப எளிசு. எந்த எடிட்டிங் ஆப்லயும் கர்வ்ஸைத் திறந்து, நீலக் கோட்டோட கீழ் முனையை மேல தூக்குங்க, மேல் முனையைக் கீழ இறக்குங்க. நிழல்ல நீலம் ஏறும், வெளிச்சத்துல மஞ்சள் ஏறும். சிவப்புக் கோட்டை 'எஸ்' மாதிரி வளைங்க. பச்சையையும் லேசா அப்படியே பண்ணிட்டு, வெளிச்சப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க. அவ்வளவுதான். மூணு அடுக்கு மூணு வேகத்துல ஓடின விபத்தை மூணு கோடு வரைஞ்சு திரும்ப நடத்தறோம்.

இதுல என்ன நஷ்டம்? ரெண்டு இருக்கு.

ஒண்ணு, முகம். கான்ட்ராஸ்ட் எகிறினா நிழல்ல இருக்கற விவரம் முதல்ல போகும். நம்ம ஊர் உச்சி வெயில்ல, தலையில துண்டு கட்டி நிக்கற ஒரு கறுத்த முகத்தை நினைச்சுப் பாருங்க. நெற்றியில மஞ்சளா ஒரு கோடு, கண்ணு இருக்கற இடத்துல ரெண்டு இருட்டுக் குழி. படம் ஜோரா இருக்கும். ஆளைத்தான் அடையாளம் தெரியாது.

ரெண்டு, ஆறு. தாமிரபரணியில கழிவுநீர் கலக்கறதைப் பத்தி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் வழக்கு போயிருக்கு. அந்த வழக்குல தண்ணியோட நிறமே ஒரு சாட்சி. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. அன்னிக்கு ஆத்துல செம்மண் கரைஞ்சு ஓடுச்சு. கர்வ்ஸை வளைச்சா அந்தச் செம்மண் தண்ணியும் பாசி படிஞ்ச தண்ணியும் தெளிஞ்ச தண்ணியும் ஒரே பச்சைப் பக்கம் சாயும். ஜங்ஷன் பழைய பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி வேலைக்காக இடிச்சாங்க. அது இருந்த காலத்துல அங்க நின்னு எடுத்த போன் படங்கள்தான் இனி அதோட வரலாறு. சுவர் என்ன நிறம்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா, ஃபில்டர் போட்ட படம் என்ன பதில் சொல்லும்?

'அப்போ நிறத்தை மாத்தவே கூடாதா?'ன்னு கேட்பீங்க. அப்படி இல்ல. 1858ல மதுரை, தஞ்சாவூர், திருச்சியை எல்லாம் படம் பிடிச்ச லின்னேயஸ் ட்ரைப், தன்னோட நெகட்டிவ்கள் சிலதுல கையால மேகம் வரைஞ்சவர். நம்ம ஸ்டூடியோக்காரங்க கன்னத்துல ரோஸ் தீட்டினவங்க. நிறம் கூட்டறது போட்டோவோட கூடப் பிறந்த வேலை. ஆனா பிரிண்ட்ல தீட்டினாலும் நெகட்டிவ் தனியா பத்திரமா இருந்துச்சு.

ஃபிலிம் காலத்துல அந்தப் பத்திரம் இல்லாத வித்தைகள்ல ஒண்ணு இந்த கிராஸ் ப்ராசஸ். தப்பான கெமிக்கல்ல ரோல் இறங்கிட்டா முடிஞ்சுது, 36 படமும் அப்படித்தான். அது தெரிஞ்சேதான் அவங்க துணிஞ்சாங்க. நமக்கு அந்த ஆபத்து கிடையாது. அசல் ஃபைலை வெச்சுக்கிட்டே அதோட நகல்ல எத்தனை தடவை வேணும்னாலும் ஊரைப் பச்சையாக்கலாம். இந்த ஒரு வசதிதான் நம்மகிட்ட புதுசா இருக்கு. அதையும் நாமே தூக்கிப் போடறோம். இடம் போதலைன்னு அசலை அழிச்சுட்டு, ஃபில்டர் போட்டதை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு நிம்மதியா இருக்கோம்.

அதனால ரெண்டே ரெண்டு காரியம் பண்ணுங்க. போன்ல ரா ஃபைல் எடுக்க வழி இருந்தா எடுங்க, இல்லைன்னா தொடாத ஜேபெக் ஒரு காப்பி, தேதியோட தனி ஃபோல்டர்ல போடுங்க. படம் எடுத்த இடத்தோட பேரையும் சேர்த்து எழுதி வைங்க: வண்ணாரப்பேட்டையா, மேலப்பாளையமா, எந்தத் தெரு, எந்தப் படித்துறை. அப்புறம் கர்வ்ஸைத் திறங்க, உங்க இஷ்டத்துக்கு வளைங்க. யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட நெகட்டிவ் உங்ககிட்ட இருக்கும்.