ஊர்வனவற்றுக்கு வைத்தியம்: ஈழத்து வரலாற்றில் ஒரு நோக்கு

சென்ற விடுமுறையின்போது பாசிக்குடாக் கரையில் ஒரு காலைப்பொழுதிற் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும். கைவிடப்பட்ட நைலோன் வலைத் துண்டொன்றிற் சிக்கிய பேராமை ஒன்றினை மீனவர் சிலர் தோணியிலிட்டுக் கரைக்குக் கொணர்ந்திருந்தனர். வலைக்கயிறு அதன் முன்துடுப்பினை எலும்பு தெரியுமளவுக்கு அறுத்திருந்தது. முதியவர் ஒருவர் கயிற்றைப் பொறுமையோடு வெட்டி நீக்கி, ஈரச்சாக்கினால் அதன் ஓட்டினைப் போர்த்தினார். தொலைபேசியில் விசாரித்தபோது, இத்தகைய பிராணிக்குச் சிகிச்சையளிக்கக்கூடியவர் அண்மையில் எவருமில்லை என்ற விடையே கிடைத்தது. "மாட்டுக்கு மருந்திருக்கு, நாய்க்கு மருந்திருக்கு, இதுக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிற, மனே?" என்றார் அம்முதியவர். மறுநாள் விடியுமுன் ஆமை இறந்துபோயிற்று.

அம்முதியவரின் வினா வரலாறு பயில்வோருக்கும் உரிய வினாவேயாகும். வைத்தியத்துக்குப் புகழ்பெற்ற இத்தீவில் பாம்பும் ஆமையும் முதலையும் எக்காலத்திலேனும் நோயாளிகளாகக் கருதப்பட்டனவா? கருதப்பட்டிருப்பின், அக்கருத்து எவ்வாறு வழக்கொழிந்தது? இவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே ஈண்டு நோக்கமாகும்.

விலங்குகளுக்கு மருத்துவம் செய்தல் அரசின் கடமை என்னும் கருத்து நம் பிரதேசத்தில் மிகப் பழையது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் பொறிப்பித்த இரண்டாம் பாறைச்சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்குமான இருவகை மருத்துவத்தினைக் குறிப்பிடுகின்றது. அவை ஏற்படுத்தப்பட்ட நாடுகளுள் சோழ பாண்டிய நாடுகளோடு தாமிரபரணி எனப்பட்ட இலங்கையும் இடம்பெறுகின்றது. ஆயின் அங்கு கூறப்படும் விலங்குகளுள் ஊர்வன அடங்குமா என்பதற்குச் சாசனத்தில் விளக்கமில்லை.

அவ்விளக்கத்தினை வேறோர் இடத்திற் காண்கின்றோம். கி.பி. நான்காம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் ஆட்சிபுரிந்த புத்ததாச மன்னன் சிறந்த வைத்தியன் எனச் சூளவம்சம் போற்றுகின்றது. பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியனை நியமித்ததோடு யானை, குதிரைகளுக்கும் வைத்தியரை அமர்த்தியவன் அவன். அவனைப் பற்றிய கதைகளுள் ஒன்று நமது பொருளுக்கு நேரடியாக உரியது. யானைமீது சென்ற மன்னன், புற்றொன்றின் மேல் வயிறு தெரியப் புரண்டு கிடந்த பெருநாகம் ஒன்றைக் கண்டான். அதன் வயிற்றில் நோய்க்கட்டி இருந்தது. தொடாமல் சிகிச்சை இயலாது. தொட்டால் நாகம் சினந்து தீண்டும். மன்னன் தன் இக்கட்டினை எடுத்துரைக்க, நாகம் தன் கழுத்தினைப் புற்றின் துவாரத்துள் நுழைத்து அசையாது கிடந்தது. மன்னன் இடையிலிருந்த கத்தியால் வயிற்றைக் கீறி, நோயுற்ற பகுதியை அகற்றி, மருந்திட்டுக் குணப்படுத்தினான். நன்றியாக நாகம் மாணிக்கம் ஒன்றினை அளித்ததாகக் கதை முடிகின்றது.

இதனை நடந்த நிகழ்ச்சியாக வரலாற்று மாணவர் கொள்ளவியலாது. இப்பகுதி மன்னனின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி எழுதப்பெற்றது. மன்னனின் கருணையைப் புகழ்வதே ஆசிரியரின் நோக்கம். எனினும் கதையை முற்றாகத் தள்ளிவிடுதலும் முறையன்று. பாம்பும் நோயால் வருந்தும், அதன் நோய் கத்தியாலும் மருந்தாலும் நீக்கத்தக்கது என்ற எண்ணம் இதனை இயற்றியவருக்கும் கேட்டவருக்கும் இயல்பானதாக இருந்திருக்கின்றது. மேலும், தலையைப் புற்றுக்குள் அடக்கிய செய்தி வெறும் கற்பனையலங்காரமன்று. இன்றும் ஊர்வன மருத்துவர் நச்சுப்பாம்பின் தலையையும் முன்னுடலையும் ஒளிபுகும் குழாயொன்றினுள் புகவிட்ட பின்னரே எஞ்சிய உடலைத் தொட்டுப் பரிசோதிப்பர். பாம்பினைக் கையாண்டு பழகியவர்களின் அனுபவ அறிவு கதைக்குள் புகுந்திருத்தல் கூடும்.

தமிழர் மரபிலும் ஊர்வனவற்றைக் கூர்ந்து நோக்கிய சான்றுகள் உண்டு. நிறைசூலுற்ற ஆமை கடற்கரை மணலிலே முட்டையிட்டு மறைப்பதை அகநானூற்றின் 160ஆம் பாடல் கூறுகின்றது. குஞ்சு பொரிக்குமளவும் ஆணாமை அதனைக் காக்கும் என அப்பாடல் கூறுவது இன்றைய உயிரியலோடு பொருந்தாது. ஆயினும் முட்டையிடும் செய்தி கண்ணாற் கண்டதே. மட்டக்களப்புப் பிரதேசத்தில் நாகதம்பிரான் வழிபாடு இன்றும் நிலைத்துள்ளது. மறுபுறம், "ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்னும் பழமொழியும் வழங்குகின்றது. தெய்வமாகவும் தீநிமித்தமாகவும் உணவாகவும் ஊர்வன நம்மிடையே இடம்பெற்றன. நோயாளியாக மட்டும் இடம்பெறவில்லை.

இதற்குக் காரணம் தேடுவார் விசகடி வைத்தியத்தினை நோக்குதல் வேண்டும். வயலிலும் காட்டோரத்திலும் வாழும் மக்களுக்குப் பாம்புக்கடி அன்றாட அச்சமாகும். எனவே ஏட்டுச்சுவடிகளிலும் பரம்பரையிலும் வளர்ந்த அறிவு முழுவதும் பாம்பிடமிருந்து மனிதனைக் காப்பதையே குறிக்கோளாகக் கொண்டது. கடிவாயின் தன்மை, நஞ்சின் வேகம், செய்தி கொணர்ந்த தூதனின் தோற்றம் ஆகியவற்றை ஆராய்ந்த வைத்தியருக்குப் பாம்பின் உடல்நலம் ஒரு பொருளாகத் தோன்றாமை வியப்பன்று. நவீன மருத்துவமும் தொடக்கத்தில் இவ்வழியே சென்றது. 1890களில் அல்பேட் கல்மெற் பாம்பு நஞ்சுக்கு எதிரான சீரத்தினை உருவாக்கினார். குதிரையின் குருதியிலிருந்து பெறப்படும் அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. இங்கும் பாம்பு நஞ்சு தரும் மூலமேயன்றி நோயாளியன்று.

குடியேற்ற ஆட்சிக்காலத்தில் ஊர்வன பற்றிய அறிவு பெருகியது. பிராங் வோல் 1921இல் இலங்கைப் பாம்புகள் பற்றிப் பெருநூல் ஒன்றினை வெளியிட்டார். பி. ஈ. பி. தெரணியகல 1939இல் ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய நூலினைத் தந்தார். இவை பெயரிட்டு வகைப்படுத்தும் பணியைச் செவ்வனே செய்தன. ஆனால் மிருக வைத்தியத் துறை வேறு பாதையில் வளர்ந்தது. உழவுக்கும் பாலுக்கும் வேண்டிய மாடும் எருமையுமே அதன் முதற் கவலை. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மிருக வைத்தியக் கல்வி பின்னர் பேராதனையில் நிலைபெற்றபோதும் இத்தேவையே முன்னின்றது. இதனைக் குறையென்று கூறுதல் நீதியன்று. 1987இல் கிழக்கு மாகாணத்தில் வெக்கை நோய் மீண்டும் தோன்றி மாடுகளை அழித்தபோது, அத்துறையின் அருமையை நம் பெற்றோர் நேரிலே கண்டனர்.

ஊர்வனவற்றின்பால் அரசின் கருணை வைத்தியத்தின் வழியாக வரவில்லை. சட்டத்தின் வழியாகவே வந்தது. 1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைந்தது. 1972இல் கடலாமைகள் சட்டப் பாதுகாப்புப் பெற்றன. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, சிற்றாமை, ஏழுவரி ஆமை என்னும் ஐந்தும் நம் கடற்கரைகளில் முட்டையிடுபவை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இலங்கை 1979இல் இணைந்தது. வளர்ப்புப் பிராணியாகக் கடத்தப்படும் நட்சத்திர ஆமைக்கு அவ்வுடன்படிக்கையின் உச்சப் பாதுகாப்பு 2019இல் கிட்டியது. கொல்லாதே, பிடிக்காதே, விற்காதே என இச்சட்டங்கள் கூறின. இவை இன்றியமையாதவை. ஆயினும் காயமுற்ற பிராணியை யார் குணப்படுத்துவது என்ற வினாவுக்குத் தடைச்சட்டம் ஒன்றினால் விடையளித்தல் இயலாது.

அவ்விடை பிறநாடுகளில் மெல்ல உருவாயிற்று. 1849இல் லண்டன் விலங்குக்காட்சிச்சாலை ஊர்வனவற்றுக்கெனத் தனி இல்லம் திறந்தது. 1920களில் அங்கு பொறுப்பேற்ற ஜோன் புறொக்ரர் என்னும் பெண்மணி வெப்பமும் ஒளியும் அளவோடு அமைந்த புதிய இல்லத்தினை வடிவமைத்தார். 1981இல் ஊர்வனவற்றின் நோய்கள் பற்றிய விரிவான நூல்கள் வெளிவந்தன. 1986இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கடலாமைகளுக்கெனத் தனி வைத்தியசாலை எழுந்தது. நமக்கு அண்மையில், ரோமுலஸ் விற்றேக்கரின் முயற்சியால் சென்னையில் 1972இல் பாம்புப் பண்ணையும், 1976இல் முதலைப் பண்ணையும் தோன்றின. 1978இல் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கமும் இங்கு நினைக்கத்தக்கது. முன்னர் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள், பாம்பினைச் சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின் உயிருடன் காட்டில் விடும் தொழிலுக்கு மாறினர்.

இது தனிக் கலையாக வளரவேண்டியதன் காரணமும் எளிதில் விளங்கத்தக்கது. மாட்டின் உடல்வெப்பம் ஏறக்குறைய நிலையானது. ஊர்வனவற்றின் உடல்வெப்பமோ பெரும்பாலும் சூழலோடு ஏறியிறங்கும். மருந்து உடலிற் பரவும் வேகமும் புண் ஆறும் காலமும் அதனையே பொறுத்தன. எனவே உரிய வெப்பத்தில் வைத்தலே முதற் சிகிச்சை. வெயில்படாத கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் ஆமைக்குச் சுண்ணச்சத்துக் குறைந்து ஓடு மென்மையுறுவதும் இவ்வறிவு இன்மையாலேயே. வலையிற் சிக்கி மூச்சடங்கிய கடலாமை இறந்ததுபோலத் தோன்றினும், வயிறு கீழாகவும் பின்னுடல் சற்று உயர்ந்தும் இருக்குமாறு நிழலில் ஈரமாக வைத்தால், பல மணிநேரம் கழிந்து உயிர்ப்புறுவதுண்டு. உடனே கடலில் எறிதல் அதனை மூழ்கடித்தலாகும்.

நம் நாட்டில் 1995இல் உடவளவையில் அநாதரவான யானைக்குட்டிகளுக்கென ஓர் இல்லம் அமைந்தது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபின், நூற்றுக்கணக்கான கடலாமைகளின் உடலங்கள் கரையொதுங்கின. இறப்பின் காரணத்தைக் கண்டறிய மிருக வைத்தியரின் கத்தியே வேண்டப்பட்டது. இறந்த ஆமைக்குக் கிட்டிய கவனம் உயிருள்ள ஆமைக்கும் கிட்டவேண்டும் என்பதே நமது வாதம். நம் வாவியில் முதலையும், பாசிக்குடாவின் கடலில் ஆமையும், வயல்களிற் பாம்பும் வாழ்கின்றன. இங்கு கடமையாற்றும் மிருக வைத்தியருக்கு இத்துறையிற் குறுகிய காலப் பயிற்சியும், மீனவர் சங்கங்களுக்கு முதலுதவி விளக்கமும் அளித்தல் பெருஞ்செலவன்று. வந்தாறுமூலையிலுள்ள நம் பல்கலைக்கழகம் இதற்கு முன்னின்று உதவலாம்.

புத்ததாசன் கதையில் நாகம் தலையைப் புற்றுக்குள் அடக்கியது. மன்னன் அச்சத்தை அடக்கினான். பாசிக்குடாவில் அந்த ஆமையும் அசையாதே கிடந்தது. அதன் துடுப்பிலிருந்த கயிற்றை அறுக்க ஒரு முதியவரின் கத்தியும் இருந்தது. அதற்கு மேல் செய்யவேண்டியதை அறிந்தவரே அங்கு இல்லை. அவ்விடத்தை நிரப்புவது நம் தலைமுறையின் கடன்.