கடல் மயக்கமும் குடும்பப் பயணமும்: வரலாறு தரும் பாடம்

கடற்பயணம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவோர் வணிகரும் மாலுமியரும் போர்வீரருமே ஆவர். கைக்குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு கப்பலின் ஓரத்தில் சாய்ந்திருக்கும் தாயோ, தலை தூக்க முடியாமல் படுத்துக் கிடக்கும் முதியவரோ நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. ஆயினும் இஸ்லாமிய வரலாற்றில் கடல் கடந்த பயணங்களுள் பல குடும்பப் பயணங்களாகவே இருந்திருக்கின்றன. ஹஜ் கடமை அவர்களைக் கடலுக்கு அழைத்தது. கடலோ குமட்டலும் தலைச்சுற்றலும் தந்து வரவேற்றது. விடுமுறைக் காலத்தில் மனைவி மக்களோடு சொகுசுக் கப்பலேறும் இக்காலத்தில், அந்தப் பழைய பயணிகள் எவ்வாறு ஆயத்தமாயினர், கடல் மயக்கத்தை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஆராய்வது பயனுள்ளதாகும் எனக் கருதுகிறோம்.

முதலில் சொற்களைக் கவனிப்போம். கப்பலைச் செலுத்துபவனைக் குறிக்கும் 'மாலுமி' என்னும் நம் தமிழ்ச்சொல் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. கப்பலைத் திருப்பும் 'சுக்கான்' அரபியிலும் சுக்கானே. கடலில் தலை சுற்றித் தள்ளாடுபவனுக்கும் அரபியில் ஒரு தனிப்பெயர் உண்டு. அவனை 'மாயித்' என்பர். அசைபவன் என்பது அதன் பொருள். திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்தில் 14ஆம் வசனம் கடலையும் அதைக் கிழித்துச் செல்லும் கப்பல்களையும் பற்றிப் பேசுகின்றது. அடுத்த வசனம், பூமி மனிதரோடு அசைந்துவிடாதிருக்க மலைகள் நாட்டப்பட்டதைக் கூறுகின்றது. அங்கே அசைதலைக் குறிக்கும் வினைச்சொல்லும் 'மாயித்' என்னும் பெயரும் ஒரே வேரினின்று பிறந்தவை. அசையாத நிலத்தின் அருமையை ஆடும் கப்பலில் இருப்பவனே நன்கு உணர்வான்.

இந்த மாயித்தைப் பற்றிய நபிமொழி ஒன்று அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. கடலில் தலை சுற்றி வாந்தியெடுப்பவருக்கு ஒரு ஷஹீதின் நற்கூலி உண்டு என்பது அதன் கருத்து. இதனை அறிவித்தவர் ஒரு பெண்மணி என்பது குறிப்பிடத்தக்கது. அவர் மதீனாவைச் சேர்ந்த உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி). தம் சமுதாயத்தினர் அரியணையில் அமர்ந்த அரசரைப் போலக் கடல்மீது செல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் கண்டதாகக் கூறியபோது, தாமும் அவர்களுள் ஒருவராக இருக்கப் பிரார்த்திக்குமாறு வேண்டியவர் அவரே.

அந்த விருப்பம் நிறைவேறப் பல ஆண்டுகள் ஆயின. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கடற்படை எடுப்பதற்கு இசையவில்லை. மக்களை அலைகளிடம் ஒப்படைக்க அவர் அஞ்சினார். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் சிரியாவின் ஆளுநர் முஆவியா (ரலி) மீண்டும் அனுமதி கோரினார். அப்போது கலீஃபா விதித்த நிபந்தனையை வரலாற்றாசிரியர் பலாதுரீ பதிவு செய்துள்ளார். முஆவியா தம் மனைவியையும் உடன் அழைத்துச் செல்வதாயின் அனுமதி உண்டு என்பதே அது. சொந்தக் குடும்பத்தைக் கப்பலேற்றுபவன் பிறர் உயிரோடு விளையாட மாட்டான் என்னும் நுட்பமான கணிப்பு அதில் இருப்பதாக நாம் கருதுகிறோம். முஆவியா தம் மனைவி ஃபாகிதாவுடன் சென்றார். உம்மு ஹராம் தம் கணவர் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்களுடன் சென்றார். ஹிஜ்ரி 28 (கி.பி. 649) என்று பெரும்பாலோர் கணிக்கும் அந்தச் சைப்ரஸ் பயணமே முஸ்லிம்களின் முதற் பெருங் கடற்பயணம். கடலை நலமாகக் கடந்த உம்மு ஹராம், கரையில் வாகன மிருகத்தினின்று தவறி விழுந்து காலமானார். லார்னகா நகரை அடுத்த உப்பேரிக் கரையில் அவர் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

வாந்திக்கும் மயக்கத்துக்கும் நற்கூலி உண்டென்று நம்பிய சமுதாயம், அவற்றைத் தடுக்கும் வழிகளைத் தேடாமல் இருந்துவிடவில்லை. 9ஆம் நூற்றாண்டில் பஅல்பக்கைச் சேர்ந்த கிறித்தவ அறிஞர் குஸ்தா இப்னு லூக்கா, ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அப்பாசிய அரசு அதிகாரி ஒருவருக்காக உடல்நலக் கையேடு ஒன்றையே எழுதிக் கொடுத்தார். அது தரைவழிப் பயணிக்கு உரியது. கடற்பயணிக்கு உரிய அறிவுரைகளை இப்னு சீனா (980–1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலின் முதற் பாகத்தில் வழங்கியுள்ளார்.

முதல் சில நாட்களில் தலைச்சுற்றலும் குமட்டலும் வருவது இயல்பு, பின்னர் தானே தணியும் என்கிறார் அவர். வாந்தியை உடனே அடக்க முற்படலாகாது; அளவு மீறினால் மட்டுமே நிறுத்த வேண்டும். முன்கூட்டியே ஆயத்தமாக விரும்புவோர் சீமை மாதுளை, ஆப்பிள், மாதுளை போன்ற பழங்களை உண்ணலாம். புளிப்புச் சேர்த்துச் சமைத்த பருப்பும் வயிற்றுக்கு வலுவூட்டும். நம் பாட்டிமார் பயண மூட்டையில் எலுமிச்சையும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துக் கொடுத்தது நம் நினைவுக்கு வருகின்றது. மூக்கின் உட்புறத்தில் வெள்ளீயச் சுண்ணம் பூசுமாறும் இப்னு சீனா கூறுகிறார். அது காரீயம் கலந்த நஞ்சாதலால் இன்று எவரும் பின்பற்றத் தக்கதன்று. பெரியோர் கூற்று என்பதற்காக எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

மருத்துவர்களைப் போன்றே மார்க்கச் சட்ட அறிஞர்களும் இந்நோயைக் கருத்திற் கொண்டனர். ஓடும் கப்பலில் எழுந்து நின்று தொழ இயலுமா என்னும் கேள்வி அவர்கள்முன் நின்றது. கப்பலில் தலை சுற்றுவதே பெரும்பான்மையோர் நிலை. ஆதலின் காரணம் காட்டாமலே அமர்ந்து தொழுதாலும் கூடும், நின்று தொழுவது சிறப்பு என்றார் இமாம் அபூஹனீஃபா. அவருடைய மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் தக்க காரணம் வேண்டும் என்றனர். ஷாஃபிஈ சட்ட நூல்களும் தலைச்சுற்றலை அமர்ந்து தொழுவதற்குரிய காரணமாக ஏற்கின்றன. மயங்கிக் கிடப்பவனைச் சோம்பேறி என்று ஏசாமல், அவன் இயலாமையைச் சட்டத்திலேயே மதித்த பண்பு இது.

மேற்கிலிருந்து வந்த இப்னு ஜுபைர் 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். செங்கடலின் ஐதாப் துறையில் அவர் கண்டவை நெஞ்சை உறுத்துவன. ஆணியின்றித் தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்ட ஜல்பா என்னும் படகுகளில், உரிமையாளர்கள் ஹாஜிகளை ஒருவர்மேல் ஒருவராக அடைத்தனர். ஒரே பயணத்தில் படகின் விலையை எடுத்துவிட வேண்டும், அதன்பின் கடல் எது செய்தாலும் தங்களுக்குக் கவலையில்லை என்பது அவர்கள் எண்ணம். அவரே 1184இல் அக்கா துறையிலிருந்து திரும்பிய பெருங்கப்பலிலோ நிலைமை வேறாக இருந்தது. மாதுளையும் சீமை மாதுளையும் கடலையும் பாலாடைக் கட்டியும் அங்கே விலைக்குக் கிடைத்தன. இப்னு சீனா பரிந்துரைத்த கனிகள் இரண்டும் அக்கடையில் இருந்ததை எண்ணி நாம் வியக்கிறோம். ஆயினும் அந்தப் பெருங்கப்பலும் சிசிலியின் மெஸ்ஸீனா அருகே உடைந்தது. கரையேறக் கூலி கொடுக்க வழியற்ற ஏழை முஸ்லிம்களுக்காகச் சிசிலியின் கிறித்தவ அரசர் இரண்டாம் வில்லியம் பொருள் வழங்கினார்.

14ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுத் துறைக்கு வந்த இப்னு பதூதா சீனக் கப்பல்களைக் கண்டு மலைத்தார். பூட்டிக்கொள்ளும் தனியறைகள் அவற்றில் இருந்தன. பயணி தன் குடும்பத்தாருடன் உள்ளே இருப்பதைக் கரை சேரும்வரை பிறர் அறியாதிருக்கவும் கூடும். மாலுமிகள் தம் குழந்தைகளோடு கப்பலிலேயே வாழ்ந்தனர். மரத்தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிரிட்டனர். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பது ஆசிய மக்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. இக்கால ஆய்வுகள் சிலவும் ஓரளவு அதற்குச் சான்று பகர்கின்றன.

குடும்பப் பயணத்தின் உச்சமாக நாம் கருதுவது முகலாய இளவரசி குல்பதன் பேகத்தின் ஹஜ் பயணமே. பாபரின் மகளும் அக்பரின் அத்தையுமான அவர் ஐம்பது வயதைக் கடந்தபின் புறப்பட்டார். உடன் சென்றோருள் அக்பரின் துணைவி சலீமா சுல்தான் பேகம், காம்ரானின் புதல்வியர் இருவர், குல்பதனின் பேத்தி உம்மு குல்தூம் ஆகியோர் இருந்தனர். ஏறத்தாழ ஆண்களின் துணையிலேயே நடந்துவந்த கடற்பயணத்தை அரண்மனைப் பெண்கள் தலைமையேற்று நடத்தினர். கடலைத் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்த போர்த்துக்கீசரின் அனுமதிச் சீட்டுக்காகச் சூரத்தில் நீண்டகாலம் காத்திருந்து, 1576 அக்டோபரில் கப்பலேறினர். மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஹிஜாஸில் தங்கினர். திரும்பும் வழியில் ஏடன் அருகே கப்பல் சேதமுற்று அங்கே பல மாதங்கள் தவித்து, 1582இல் தாயகம் மீண்டனர். பின்னர் அவர் எழுதிய ஹுமாயூன் நாமாவின் முற்றுப்பெறாத ஒரே படி மட்டும் நமக்குக் கிடைத்துள்ளது. அது கடற்பயணக் காலத்தை எட்டுமுன்னரே நின்றுவிடுகின்றது. அந்தப் பெண்கள் அலைகளுக்கிடையே பட்ட பாட்டை அவர்கள் வாய்மொழியாகக் கேட்கும் பேறு நமக்கு இல்லாது போயிற்று.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் நாட்கள் குறைந்தன, நெரிசல் குறையவில்லை. 1880இல் 'ஜித்தா' என்னும் கப்பல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹாஜிகளை ஏற்றிச் சென்றது. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் பலர். புயலில் கப்பலுக்குள் நீர் புகுந்ததும், கப்பல் தலைவரும் அதிகாரிகளும் படகேறித் தப்பினர். வேறொரு கப்பலால் மீட்கப்பட்டு ஏடன் சேர்ந்த அவர்கள், ஜித்தா மூழ்கிவிட்டதாக அறிவித்தனர். மறுநாளே அக்கப்பல் மற்றொரு கப்பலால் இழுக்கப்பட்டு ஹாஜிகளுடன் ஏடன் துறையை அடைந்தது. விசாரணையில் கப்பல் தலைவரின் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஐதாபில் இப்னு ஜுபைர் கண்ட கொடுமை ஏழு நூற்றாண்டுக்குப் பின்னும் மாறவில்லை. குடும்பத்தோடு பயணம் செய்ய வேண்டும் என்று உஸ்மான் (ரலி) விதித்த நிபந்தனையின் பொருள் இங்கே மேலும் விளங்குகின்றது. இந்தியாவிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்ற கப்பல் சேவை 1995இல் முடிவுற்றது. இக்காலத் தமிழ் முஸ்லிம்களுள் முதியோர் பலருக்கு அக்கப்பல்களின் ஆட்டம் இன்னும் நினைவில் இருக்கும்.

கடல் மயக்கத்தின் காரணத்தை அறிவியல் பிற்காலத்திலேயே கண்டறிந்தது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடல் அசைவதாகச் சொல்கிறது; அறைச்சுவரைப் பார்க்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டையே மூளை நோயாக உணர்கிறது. காது கேளாதோருள் சிலருக்குத் தலைச்சுற்றலே வருவதில்லை என்பதை வில்லியம் ஜேம்ஸ் 1882இல் எடுத்துக்காட்டினார். டைமென்ஹைட்ரினேட் என்னும் மருந்து 1947இல் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பா சென்ற படைக்கப்பல் ஒன்றில் சோதிக்கப்பட்டு நற்பயன் தந்தது.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கின், குடும்பத்தோடு கப்பலேறுவோர் செய்யத்தக்கவை தெளிவாகின்றன. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறையைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் குறையும். மயக்கம் தோன்றினால் மேல்தளம் சென்று தூரத்துத் தொடுவானத்தை நோக்க வேண்டும். புத்தகத்தையோ கைபேசியையோ பார்த்துக் கொண்டிருத்தல் ஆகாது. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. மருந்து கொள்வதாயின் மயக்கம் தொடங்குமுன்னரே கொள்ள வேண்டும். அவற்றுட் பல உறக்கம் தருவன; முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரின் ஆலோசனை இன்றிக் கொடுக்கலாகாது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளே மிகுதியும் பாதிக்கப்படுவர். சில நாட்களில் மயக்கம் தானே தணியும் என்னும் இப்னு சீனாவின் கூற்று இன்றும் மெய்யே.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் மயங்கிக் கிடக்க, மற்றவர்கள் விருந்துண்டு மகிழ்வது கப்பலில் அடிக்கடி காணும் காட்சி. மயங்கியவர் தம்மால் பிறர் இன்பம் கெட்டதே என்று நாணித் தம் துன்பத்தை மறைப்பதும் உண்டு. கடலில் வாந்தியெடுப்பவரின் துன்பம் வீணாவதில்லை என்னும் செய்தியை நமக்கு எட்டச் செய்தவர், அந்தக் கடலைத் தாமே கடந்த ஒரு பெண்மணி என்பதை நாம் மறத்தலாகாது. நோயுற்றவரின் அருகில் ஒருவர் அமர்ந்து, ஒரு மிடறு நீர் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிடுதல் அவர் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.