காரில் ஆல்டர்னேட்டர் மாற்றுதல்

எஞ்சின் சுழற்சியிலிருந்து மின்சாரம் உண்டாக்கி, காரின் மின்கருவிகளுக்கு ஊட்டி, பேட்டரியையும் சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர். பெல்ட்டால் சுழலும் ரோட்டார் மாறுமின்னோட்டத்தை எழுப்புகிறது. டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக்குகின்றன. ரெகுலேட்டர் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கிறது. 1960ஆம் ஆண்டு மாடலாக வந்த கிரைஸ்லரின் வேலியன்ட் முதலான கார்களில் இது இடம்பிடித்த பிறகு, முன்பு இதே வேலையைச் செய்த டைனமோ படிப்படியாக மறைந்தது. பல கார்களில் இதை வீட்டிலேயே கழற்றி மாட்டலாம். ஆனால் இந்த வேலையின் பாதுகாப்பு கைத்திறனைவிட வரிசையைப் பொறுத்தது. எதை முதலில் செய்கிறோம், எதைக் கடைசியில் செய்கிறோம் என்பதே முக்கியம்.

பழுது ஆல்டர்னேட்டரில்தானா என்று உறுதிசெய்வதே முதல் வேலை. எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி வோல்ட் மீட்டரில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டியதில்லை. தளர்ந்த பெல்ட், பூத்துப்போன டெர்மினல், எரிந்த ஃபியூஸ் ஆகியவையும் இதே அறிகுறியைத் தரும். சார்ஜிங்கைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் புதிய கார்களில் வோல்ட்டேஜ் கூடிக் குறையும் என்பதால், கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். மீட்டர் எதற்கு, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றினால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கழற்றவே கூடாது. மிகுதி மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும் பேட்டரி திடீரென விலகினால் வோல்ட்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும்; டயோடுகளும் எஞ்சின் கம்ப்யூட்டரும் கெட்டுப்போகலாம்.

அடுத்து, எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காதே, இது வீண் வேலை அல்லவா என்ற கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. இங்கே ஆபத்து ஷாக்கில் இல்லை, ஷார்ட் சர்க்யூட்டில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பின்புறமுள்ள தடித்த வயர், சாவியை எடுத்த பிறகும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையோடு இணைந்தே இருக்கும். அதன் நட்டைத் திருப்பும் ஸ்பேனர் எஞ்சின் இரும்பில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். கையிலுள்ள மோதிரம் அந்தப் பாதையில் சிக்கினால் நொடியில் பழுத்துச் சுடும். பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு தேங்கியிருந்தால் ஒரு பொறியே வெடிக்கப் போதும். பாசிட்டிவை முதலில் கழற்றினாலும் இதே அபாயம்தான், ஏனெனில் காரின் உடல் முழுவதும் நெகட்டிவ். நெகட்டிவ் விலகிவிட்டால் ஸ்பேனர் காரின் உடலில் எங்கே பட்டாலும் சுற்று முழுமையடையாது. கடிகாரமும் ரேடியோவும் நினைவிழக்கும் என்பது உண்மையே. கைவிரலோடு ஒப்பிட்டால் அது பொருட்டல்ல.

மற்றவை எளிது. பெல்ட் ஓடும் வழியைப் படமெடுத்துக்கொண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை விலக்கி, வயர்களையும் போல்ட்டுகளையும் கழற்றினால் ஆல்டர்னேட்டர் கைக்கு வரும். அது பல கிலோ கனம், தாங்கிப் பிடிக்க வேண்டும். புதியதை மாட்டும் முன் புல்லியின் பள்ளங்கள், போல்ட் துளைகள், கனெக்டர், ஆம்பியர் அளவு ஆகியவற்றைப் பழையதோடு பொருத்திப் பாருங்கள். மாட்டிய பிறகு தடித்த வயரின் நட் தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும். நெகட்டிவைக் கடைசியில் இணைக்க வேண்டும். பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால் தனி சார்ஜரில் ஏற்றிய பிறகே எஞ்சினை இயக்க வேண்டும். செத்த பேட்டரியை நிரப்பும் சுமை புதிய ஆல்டர்னேட்டரையும் சுட்டுவிடக்கூடும்.

ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிற வயர்கள் உயிருக்கே ஆபத்தான வோல்ட்டேஜைச் சுமக்கின்றன. அத்தகைய கார்களில் மட்டும் இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.