மூன்றாவது மருந்து: எஃபாவிரென்ஸும் டோலுடெக்ராவிரும்

எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. சிகிச்சை மையத்தில் மாத்திரை வாங்குபவர்களுக்கு டிஎல்இ, டிஎல்டி இரண்டும் பழகிய பெயர்கள். இரண்டிலும் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி. உண்டு. மூன்றாவதுதான் வேறு: டிஎல்இயில் எஃபாவிரென்ஸ், டிஎல்டியில் டோலுடெக்ராவிர். அந்த ஒரு மாற்றம் நோயாளியின் அன்றாடத்தையே மாற்றிவிட்டது.

எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, அதை நம் செல்லின் மரபுப்பொருளுக்குள் செருகிவிடுகிறது. டிஎல்இயின் மூன்று மருந்துகளும் படியெடுக்கும் நொதியையே தாக்குகின்றன. டோலுடெக்ராவிரோ செருகும் நொதியை, அதாவது இன்டெக்ரேஸை, முடக்குகிறது. வைரஸுக்கு இரண்டு இடங்களில் தடை விழுகிறது; ரத்தத்தில் அதன் அளவும் விரைவாகக் குறைகிறது. ஆனாலும் உறங்கும் செல்களில் ஒளிந்திருக்கும் வைரஸை இரண்டு மாத்திரையாலும் தொட முடியாது. அதனால்தான் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

எஃபாவிரென்ஸை வெறும் வயிற்றில், படுக்கப் போகும்போது போடச் சொல்வார்கள். தலைசுற்றல், திகிலூட்டும் கனவுகள், சிலருக்கு மனச்சோர்வு. இரவுக் காவல் பார்ப்பவர் அதை எந்த நேரத்தில் போடுவார்? விட்டுவிட்டால் ஆபத்து வேறு விதம். எஃபாவிரென்ஸ் உடலில் பல நாள் தங்கும். துணை மருந்துகள் முன்னதாக வலுவிழந்தபின் அது தனித்து நிற்கும். கே103என் என்ற ஒற்றைத் திரிபு போதும், வைரஸ் அதை மீறிவிட. டோலுடெக்ராவிரை மீறுவது வைரஸுக்கு அவ்வளவு எளிதல்ல. எந்த நேரத்திலும், சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். மனிதர்களின் மறதிக்கு இடம் கொடுக்கும் மருந்து என்பதே அதன் பெரிய சிறப்பு என்று நினைக்கிறேன்.

இருந்தும் பெண்களுக்கு அது தாமதமாகத்தான் வந்தது. 2018 மே மாதம் போட்ஸ்வானா ஆய்வொன்றில், கருத்தரிக்கும்போதே டோலுடெக்ராவிர் எடுத்துக்கொண்டிருந்த 426 பெண்களில் நால்வரின் குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு தெரிந்தது. பல நாடுகள் பிள்ளை பெறும் வயதுப் பெண்களை எஃபாவிரென்ஸிலேயே நிறுத்தின. அதே எஃபாவிரென்ஸ் மீதும் முன்பு இதே சந்தேகம் இருந்து, பின்னர் நீங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஜூலையில் எச்.ஐ.வி.யுடன் வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் கிகாலியில் கூடி, விவரத்தைச் சொல்லுங்கள், முடிவை நாங்கள் எடுக்கிறோம் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது முழு நியாயம். ஆய்வு தொடரத் தொடர, குறைபாட்டு விகிதத்தில் டோலுடெக்ராவிருக்கும் மற்ற மருந்துகளுக்கும் இடையே தெரிந்த வேறுபாடு சுருங்கியது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் பெண்கள் உட்பட அனைவருக்கும் டோலுடெக்ராவிரைப் பரிந்துரைத்தது.

புதிய மருந்தென்றால் கவலையே இல்லை என்பதல்ல. சிலருக்கு எடை கூடுகிறது, தூக்கம் கெடுகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் இது உயர்த்துவதால், மருத்துவர் அந்த மாத்திரையின் அளவை மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளும், கடையில் தாமாக வாங்கும் ஆன்டாசிட் மருந்தும் டோலுடெக்ராவிரை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ இதைப் போட வேண்டும். இரும்பும் கால்சியமும் மட்டும் உணவோடு சேர்ந்தால் இதனுடன் ஒன்றாகவே போடலாம். எஃபாவிரென்ஸ் காலத்தில் “ராத்திரி தூக்கம் எப்படி?” என்று கேட்டால் பாதி விஷயம் வந்துவிடும். இப்போது வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நெரிசலான நாளில் முதலில் விட்டுப்போவது அந்தக் கேள்விதான்.

காசநோய் சேர்ந்து வந்தால் பழைய மருந்துக்கு ஒரு வசதி உண்டு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு எஃபாவிரென்ஸ் 600 மி.கி. அளவை மாற்றாமலே தரலாம். டோலுடெக்ராவிரையோ ரிஃபாம்பிசின் உடலில் வேகமாகச் சிதையச் செய்துவிடும். எனவே டிஎல்டி போட்ட 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மி.கி. தனியாக இன்னொன்று தேவை. காசநோய் மருந்து முடிந்த அன்றே இந்த இரண்டாவது மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரிஃபாம்பிசினின் தாக்கம் உடலில் நீடிப்பதால், மேலும் இரண்டு வாரம் தொடர வேண்டும்.