எத்தர்நாவ்ன்

நோர்வே மொழியில் 'எத்தர்' என்றால் பிறகு. 'நாவ்ன்' என்றால் பெயர். பெயருக்குப் பின்னால் வரும் குடும்பப் பெயர்தான் எத்தர்நாவ்ன்.

யாழ்ப்பாணத்தாரின் பெயர் முறையோ நேர்மாறு. தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. கந்தையாவின் மகன் சிவலிங்கம், 'கந்தையா சிவலிங்கம்' என்று எழுதினால் ஒஸ்லோ அலுவலகம் சிவலிங்கத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். கடிதம் வரும்போது விளிப்பது தகப்பனை!

1956இல் யாழ்ப்பாணத்தவரான அந்தோனி இராஜேந்திரம் நோர்வே போனார். 1967இல் அவர் முயற்சியால் சீநோர் நிறுவனம் உருவாகி, காரைநகரில் படகு கட்டியது. அந்தத் தொடர்பைப் பிடித்துப் பின்னர் பல இளைஞர்கள் போனார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயரோ அப்பப்பாவின் பெயரோ எத்தர்நாவ்னாக நிலைத்துவிட்டது.

தகப்பன் பெயரால் அறியப்படுவது நோர்வேஜியருக்கும் பழைய கதைதான். ஊலெயின் மகன் ஊல்சென், மகள் ஊல்ஸ்டாட்டர்; தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்தது. பண்ணைப் பெயரும் ஒட்டிக்கொண்டது: 'ஹௌகென்' என்றால் மேடு. யாழ்ப்பாணத்து உறுதிகளிலும் ஒவ்வொரு காணிக்கும் பெயருண்டு, ஆனால் அது ஆளின் பெயரில் ஏறவில்லை. 1825இல் ஸ்டவாங்கரிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேற்றம் தொடங்கியபின், அங்கே ஒரே குடும்பத்து அண்ணன் ஊல்சென், தம்பி ஹௌகென் என்று பதிந்ததும் உண்டு. முன்னோரைத் தேடுவோர் பண்ணையின் பெயரையும் கேட்பது அதனால்தான்.

நிலையான குடும்பப் பெயரை நோர்வே சட்டம் கட்டாயமாக்கியது 1923இல்தான்.