பாழ்பட்ட காடு என்று ஒதுக்கிவிடலாமா?

ஜெஞ்சாரோம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, சீனப் புத்தாண்டுக் காலத்தில் தோங் சென் ஆலயத்தில் ஏற்றப்படும் ஆயிரக்கணக்கான விளக்குகள். வேறு சிலருக்கு, 2018ஆம் ஆண்டில் அங்கு கண்டுபிடிக்கப்பட்ட சட்டவிரோத பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆலைகள் நினைவுக்கு வரலாம். ஆனால், இச்சிற்றூர் அமைந்திருக்கும் கோல லங்காட் மாவட்டத்திற்கு இவற்றைவிட மிகப் பழைய வரலாறு ஒன்று உண்டு. அது அதன் மண்ணுக்கும் மரங்களுக்கும் உரிய வரலாறு.

மலாய்மொழியில் 'கம்புட்' என்று சொல்லப்படும் சதுப்பு மண் இம்மாவட்டத்தில் பரந்து கிடந்தது. உதிர்ந்த இலையும் முறிந்த கிளையும் பட்டுப்போன வேரும் நீருக்கடியில் கிடந்து, காற்றுப் படாததால் முழுமையாக மக்காமல், பல ஆயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டான மண் இது. இதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அங்கே தேங்கும் நீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். புளிப்புத் தன்மை அதிகம். தாவரங்களுக்கு வேண்டிய சத்தோ மிகக் குறைவு.

இப்படிப்பட்ட இடத்தில் எந்த மரம் பிழைக்கும் என்று கேட்கத் தோன்றும். பிழைத்தன, உயர்ந்தும் வளர்ந்தன. சில மரங்கள் மூச்சுவிடுவதற்காக வேர்களை நீருக்கு மேலே நீட்டின. சில மரங்கள் ஊன்றுகோல்களைப் போலப் பக்க வேர்களைப் பரப்பி, மெத்தை போன்ற மண்ணில் சாயாமல் நின்றன. கெம்பாஸ், மெராந்தி பாக்காவ் போன்ற மரங்கள் இத்தகைய காட்டின் செல்வங்கள். இவற்றுள் மெராந்தி பாக்காவ் இன்று அனைத்துலகச் செம்பட்டியலில் இடம்பெற்று, அருகி வரும் மரமாகிவிட்டது.

நீரில் நின்று பழகிய இம்மரங்களுக்குச் சோதனை வந்தது, நீரை வடித்தபோது. ஆங்கிலேயர் காலத்தில் கிள்ளான், கோல லங்காட் வட்டாரத்தில் முதலில் காப்பித் தோட்டங்களும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களும், அதன் பிறகு செம்பனைத் தோட்டங்களும் பெருகின. வடிகால் வெட்டாமல் சதுப்பில் பயிரிட முடியாது. தோட்டங்களில் அந்த உழைப்பைத் தந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த பாட்டாளிகளும் அடங்குவர். வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், நீர் வடிந்ததும் மண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

நீர் இறங்கிய சதுப்பு மண்ணில் காற்றுப் புகுகிறது. மண் மக்கிச் சுருங்கி, தரை ஆண்டுதோறும் தாழ்கிறது. வேர் வெளியே தெரிகிறது; மரம் சாய்கிறது. சதுப்பு நிலத்தில் போடப்பட்ட தோட்டங்களில் செம்பனை மரங்கள் கோணலாகச் சாய்ந்து நிற்பதன் காரணம் இதுதான். மிகவும் காய்ந்துவிட்ட மண், மழை பெய்தாலும் நீரை எளிதில் உறிஞ்சாது. தீப்பிடித்தாலோ நிலத்திற்கு அடியிலேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசர நிலை அறிவிக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுமத்ராவில் எரிந்த சதுப்பு நிலங்களுக்கு அந்தப் புகையில் பெரும் பங்கு இருந்தது.

இனி, கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்திற்கு வருவோம். 1927ஆம் ஆண்டில் இது அரசிதழில் பதிவு செய்யப்பட்டபோது இதன் பரப்பு 7,200 ஹெக்டருக்கும் அதிகம். பல்வேறு தேவைகளுக்காகச் சிறிது சிறிதாக வெட்டி எடுக்கப்பட்டு, 2020இல் எஞ்சியிருந்தது சுமார் 957 ஹெக்டர். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு! அவ்வாண்டு பிப்ரவரியில் அதிலும் சுமார் 930 ஹெக்டரை மேம்பாட்டுக்காக விடுவிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. காட்டின் ஒரு பகுதி ஏற்கெனவே எரிந்து பாழ்பட்டுவிட்டது என்பது அன்று சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

காட்டை ஒட்டித் தலைமுறை தலைமுறையாக வாழும் தெமுவான் பூர்வகுடி மக்கள் எதிர்த்தனர். சுற்றுச்சூழல் அமைப்புகளும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் ஆட்சேபம் தெரிவித்தனர். இருந்தும், 536.7 ஹெக்டர் காப்பகத் தகுதியை இழந்துவிட்ட செய்தி 2021 ஆகஸ்ட் இறுதியில் வெளிவந்தது. எதிர்ப்பு வலுத்தது. செப்டம்பர் 8ஆம் நாள் மந்திரி பெசார் டத்தோ ஸ்ரீ அமிருடின் ஷாரி அம்முடிவு ரத்து செய்யப்படுவதாக அறிவித்தார்.

காடு தப்பியது. ஆனால், 'பாழ்பட்ட காடு' என்ற அந்தச் சொல்லை இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது. பாழ்பட்டதை மீட்க முடியுமா?

இதற்கான பதிலை வட சிலாங்கூரிலுள்ள ராஜா மூசா வனக் காப்பகத்தில் காணலாம். ஆக்கிரமிப்பாலும் தீயாலும் சேதமடைந்த அக்காட்டில் 2008 முதல் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பும் வட்டார மக்களுடன் சேர்ந்து மறுசீரமைப்புப் பணியைச் செய்து வந்துள்ளன. அங்கே முக்கிய வேலை, கால்வாய்களில் தடுப்புகள் கட்டி நீர்மட்டத்தை உயர்த்துவது. நீர் நின்றால்தான் தீ அடங்கும், கன்றும் பிழைக்கும்.

நிழலில் முளைத்துப் பழகிய மெராந்திக் கன்றைத் திறந்த வெளியில் நட்டால் என்னவாகும்? வெயிலில் இலை கருகும். நீரைச் சேமிக்க அது இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடியதால் உணவு தயாரிப்பதும் குறையும். உயிர் இருக்கும், வளர்ச்சி இருக்காது. மழைக்காலத்தில் அதே கன்று நீரில் மூழ்கும். அதனால்தான் வெயிலைத் தாங்கி வேகமாக வளரும் மாஹாங் போன்ற மரங்களுக்கு முதலிடம் தரப்படுகிறது. அவை தரும் நிழலில் மற்ற கன்றுகள் தேறுகின்றன. நாற்றங்காலிலேயே நிழலைப் படிப்படியாகக் குறைத்துக் கன்றுகளை வெயிலுக்குப் பழக்குவதும் உண்டு.

எல்லாம் சரி, கன்றுகள் எங்கிருந்து வரும்? இங்குதான் கோல லங்காட் காட்டின் அருமை புரிகிறது. மெராந்தி இனம் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் காய்க்கும். அதன் விதையை நெல்லைப் போலப் பத்திரப்படுத்தி வைக்கவும் இயலாது. சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். ஆகவே, தாய்மரம் நிற்கும் காடுதான் விதைக் களஞ்சியம். அது போய்விட்டால், எத்தனை ஹெக்டரை மாற்றிடமாக ஒதுக்கினாலும் நடுவதற்குக் கன்று இருக்காது.

வடிகால் வெட்டியது மனிதன். காய்ந்த மண்ணில் தீ மூண்டது. எரிந்த பிறகு 'பாழ்பட்டது' என்று பெயர் வைத்ததும் மனிதனே. வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் மருந்து கொடுப்போமா, பட்டாவிலிருந்து பெயரை நீக்குவோமா? கோல லங்காட் காட்டுக்குத் தேவையான மருந்து பெரிய இரகசியமும் அல்ல. கால்வாய்களை அடைக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் திறந்தவெளி எரிப்பைத் தடுக்க வேண்டும். எஞ்சியிருக்கும் தாய்மரங்களைக் காக்க வேண்டும். 1927இல் எழுதப்பட்ட பாதுகாப்பு, எட்டில் ஒரு பங்குக்காவது இனி நிலைக்க வேண்டும்.