ஸ்கேன் நார்மல்... அப்போ நோயே இல்லையா? மனச்சிதைவு நோயில் மூளை ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கொல்லத் திட்டம் போடுவதாக நம்புகிறார். ஷூ கம்பெனி வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இப்படி ஒருவரை வேலூருக்கு அழைத்துவரும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பது, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?"

கேள்வி நியாயமானதுதான். சிக்கல் ரிசல்ட் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. 'நார்மல்' என்று வந்தால் "மூளையில ஒண்ணும் இல்லையாம்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் மந்திரிக்க ஒரு அலைச்சல், நோய் முற்றிய பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரி.

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய், உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அதை ஸ்கேனில் பார்க்க முடியுமா?

மூளையில் வித்தியாசம் இருக்கிறதா?

இருக்கிறது. 1976-ல் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன் குழு, பல வருடங்களாக நோயுடன் இருந்த 17 பேருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தது. மூளைக்கு நடுவே திரவம் நிறைந்த அறைகள் உண்டு. வென்ட்ரிக்கிள் என்பார்கள். நோயாளிகளுக்கு அந்த அறைகள் பெரிதாக இருந்தன. 'இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும்தான், வளர்ப்பு சரியில்லை' என்று அம்மாக்கள் மீது பழி போட்ட காலத்தில் இது பெரிய திருப்பம்.

1990-ல் அமெரிக்காவில் ஒரே கருவில் உருவான இரட்டையர்கள் 15 ஜோடிகளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு மட்டும்தான் நோய். நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, 14 ஜோடிகளில் நோயுள்ளவருக்கு இடது பக்கம் சிறியதாக இருந்தது. பரம்பரை ஒன்றாக இருந்தும் மூளை வேறுபட்டது.

2016-ல் எனிக்மா என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 2,028 நோயாளிகளின் ஸ்கேனை, நோயில்லாத 2,540 பேரின் ஸ்கேனோடு ஒப்பிட்டது. முடிவு பழையதை உறுதி செய்தது: ஹிப்போகேம்பஸ், தலாமஸ் போன்றவை சராசரியாகச் சிறிது, வென்ட்ரிக்கிள் பெரிது. அடுத்த ஆய்வில் மூளையின் மேலுறையும் மெலிந்திருப்பது தெரிந்தது.

அப்போ ஸ்கேன்லயே கண்டுபிடிக்கலாமே?

முடியாது. 'சராசரி' என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது.

தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரண்டு லாட் தோல் வருகிறது. ஆயிரக்கணக்கான தோலை கேஜ் வைத்து அளந்தால், ஒரு லாட்டின் சராசரித் தடிமன் கொஞ்சம் குறைவு. ஆனா ரெண்டையும் கலந்துபோட்டு ஒரே ஒரு தோலை உருவி எடுத்து, 'இது எந்த லாட்?' என்று கேட்டால் சொல்ல முடியுமா? மூளையின் மேலுறையும் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர்தான். அதில் வரும் வித்தியாசம் மிகச் சிறியது. நோயே இல்லாத பலருக்கும் மெலிந்த மேலுறை இருக்கும். நோயுள்ள பலருக்கு எல்லாம் கச்சிதமாக இருக்கும்.

அதனால்தான் இன்றும் நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசித்தான் டாக்டர்கள் இந்த நோயை உறுதி செய்கிறார்கள்.

மாத்திரைதான் மூளையைச் சுருக்குகிறதா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் பயம் இது. முழுக்க ஆதாரமில்லாதது என்று தள்ளவும் முடியாது. 2011-ல் அமெரிக்காவின் அயோவாவில் 211 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஸ்கேன் எடுத்ததில், மருந்து அதிகம் எடுத்தவர்களுக்கு மூளை அளவு லேசாகக் கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனா நோய் கடுமையாக இருப்பவருக்குத்தானே மருந்தும் அதிகம் தருவார்கள்? ரெண்டையும் முழுசாகப் பிரிப்பது கஷ்டம்.

பிரித்துப் பார்க்க ஒரு வழி, மாத்திரையே சாப்பிடாதவர்களைப் பார்ப்பது. அதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்கள் தாரா, பத்மாவதி உள்ளிட்டோர், ஸ்காட்லாந்து மருத்துவர் மெக்ரீடியுடன் சேர்ந்து, ஒருநாளும் சிகிச்சை பெறாத நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. வாய், கை, கால் தானாக அசையும் பிரச்சினையை 'மாத்திரையால வந்தது' என்றே பலரும் நினைப்பார்கள். மாத்திரையைத் தொடாதவர்களில் சிலருக்கும் அது இருந்தது. அவர்களுக்கு மூளையின் ஆழத்தில் உள்ள லென்டிஃபார்ம் என்ற பகுதி பெரிதாகவும் இருந்தது. அதாவது, சில மாற்றங்கள் நோயோடேயே வருபவை.

இத்தனை பேர் வருடக்கணக்கில் சிகிச்சையே இல்லாமல் இருந்ததால்தான் இப்படி ஒரு ஆய்வு இங்கே சாத்தியமானது என்பது வேறு கதை.

மாத்திரையால் பக்கவிளைவு உண்டு என்பதும் உண்மை. அதற்கு டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். ஆனா டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

பிறகு எதற்கு ஸ்கேன் எழுதுகிறார்கள்?

வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். மூளைக் கட்டி, மூளைக்காய்ச்சல், வலிப்பு நோய் ஆகியவையும் சில நேரம் இதே மாதிரி அறிகுறியோடு வரும். வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் நாடாப்புழு முட்டையால் வந்த கட்டியே தொடர்புடைய காரணமாக இருந்தது. அதைக் காட்ட ஸ்கேன் வேண்டும். முதல்முறை நோய் வந்தவர், வயதான பிறகு திடீரென அறிகுறி வந்தவர், வலிப்போ தலைக்காயமோ உள்ளவர் ஆகியோருக்கு டாக்டர் எழுதினால் எடுப்பது நல்லது. நல்லா இருக்கிறவருக்கு வருடா வருடம் எடுக்கத் தேவையில்லை. அந்தக் காசு மாத்திரைக்கு ஆகும்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தால், கட்டி போன்றவை ஸ்கேனில் தென்படவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

எங்கே போகலாம்?

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. நோயாளியோடு வீட்டில் ஒருவரும் தங்க வேண்டும் என்ற முறைக்குப் பெயர்பெற்ற இடம் அது. அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. போனில் பேச, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.